நீ ஊரில் இல்லாத வருஷங்கள்

சேகர்,

நேற்று போனில் நீ கேட்டதற்கு "பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். எதிர்வீட்டு லட்சுமம்மாவின் கூடத்தில் நின்றுகொண்டு, அவருடைய மருமகள் பக்கத்திலேயே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியவில்லை. டிரங்க் காலின் மூன்று நிமிஷமும் முடிந்து லைனும் போய்விட்டது. அப்பா நிஜமாகவே குடியை விட்டுவிட்டாரா என்று கேட்டாய். கல்யாணத்தன்று மணவறையில் பெற்றவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் பெரிய மாமாவும் மாமியும் செய்தால் என்ன என்றும் கேட்டாய். பெண் வீட்டார் ரயில்வே காலனியில் கௌரவமாக வாழ்கிறவர்கள், ஏதாவது ஆகிவிட்டால் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது என்றாய். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். ஆனால் மூன்று நிமிஷத்தில் கேட்ட கேள்விக்கு மூன்று நிமிஷத்தில் பதில் கிடையாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா வேலைக்குப் போயிருக்கிறார். எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த அப்பா ஒருவர் இருக்கிறார். அவரை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் இன்ஜினியரிங் படிக்க வாரங்கல்லுக்குப் போன பிறகு நீ இந்த வீட்டில் தங்கியது குறைவு. அதற்கப்புறம் பம்பாய் வேலை. பொங்கலுக்கு வருவாய். வந்தாலும் பாதி நேரம் உப்பலில் உன் சிநேகிதன் வீட்டில் இருப்பாய். அப்பா முன்னறையில் இருந்தால் நீ பின்பக்கம் போய்விடுவாய். அவரும் அதைத் தெரிந்துகொண்டு, நீ வரும் நாட்களில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். அவர் எங்கே போகிறார் என்று நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்த நாட்களில் அவர் போன இடம் வேறு. "எல்லாத்தையும் அவன்கிட்ட சொல்லிடட்டுமா" என்று ஒருமுறை கேட்டேன். "சொன்னா நம்பணுமா என்ன? அவனா பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்" என்றார். பார்க்கிற அளவுக்கு நீ தங்கவில்லை. அது உன் குற்றம் என்று சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

குடி எப்படி வந்தது என்று கேட்டால் எனக்கு ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்லத் தெரியாது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த குடும்பத்துப் பிள்ளை, கடைசல் மெஷினில் நல்ல டர்னர் என்று பெயரெடுத்து, இந்த மத்திய அரசு பேக்டரியில் வேலை கிடைத்து ஐதராபாத் வந்தார். மல்லாபூரில் அப்போது எங்கள் தெருவில் இருந்தவர்கள் எல்லாருமே ஷிப்டுக்குப் போகிறவர்கள். வரும் வழியில் கள்ளு காம்பவுண்டு. குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகிற இடம் அது. இந்த ஊரில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கூட வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்தார். அவர்கள் எழுந்து வீட்டுக்குப் போன பிறகும் இவர் உட்கார்ந்திருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான். கள் போய் சாராயம் வந்தது, சாராயம் போய் ரம் வந்தது. கடைசியில் காலையில் கை நடுங்காமல் சவரம் செய்துகொள்வதற்கே ஒரு மடக்கு தேவைப்பட்டது. "அடிக்கிறாரா" என்று திருச்சியிலிருந்து சொந்தக்காரர்கள் கேட்டு எழுதுவார்கள். அடித்ததில்லை. பேச மாட்டார், சாப்பிட மாட்டார், கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஒரே வீட்டில் ஒரு ஆள் இல்லாமல் நாம் இரண்டு பேரும் குடித்தனம் செய்தோம்.

நீ வாரங்கல்லுக்குக் கிளம்பிய நாளை எடுத்துக்கொள். உன் டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு வாங்கி வருகிறேன் என்று காலையில் போனார். வரவில்லை. நீ வாசலில் நின்று பார்த்துவிட்டு, பெட்டியைக் கயிற்றால் கட்டி, ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு தனியாகப் போனாய். என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். அது உனக்குத் தெரிந்த பாதி. மீதிப் பாதியை லட்சுமம்மாவின் மகன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். ரயில் போன பிறகு அப்பா செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். கையில் பூட்டு இருந்திருக்கிறது. பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற ஒவ்வொருவரிடமும் வாரங்கல் வண்டி எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூட்டை மேஜை மேல் வைத்தார். எனக்கு அன்று இரக்கம் வரவில்லை. அந்தப் பூட்டைப் பின்கதவுக்குப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

என் வேலை என்று சொன்னேனே, அதையும் சொல்ல வேண்டும். அவர் எழுந்திருக்க முடியாத நாட்களில் பேக்டரிக்கு ஆள் அனுப்பி ஜுரம் என்று சொல்ல வைத்தது நான். வீட்டுக்கு வந்தவர்களிடம் ஷிப்டு மாறிவிட்டது, தூங்குகிறார் என்று சொன்னது நான். புட்டியைத் தேடி எடுத்துச் சாக்கடையில் ஊற்றியதும் நான்தான். ஊற்றிய பிறகு அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் வாங்கிவரச் சொல்லி அனுப்பியதும் ஒருமுறை நடந்திருக்கிறது. ஒரு கிருத்திகையன்று அவரை முருகன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், எரிகிற கற்பூரத்தை அணைத்து, "இனிமே தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்ய வைத்தேன். செய்தார். மனசாரத்தான் செய்தார். நானும் மாலை போடாத குறையாக விரதம் இருந்தேன். அந்த மாதம் முடிவதற்குள் திரும்பத் தொட்டார். என் சாமி தோற்றுவிட்டது என்று எனக்கு வந்த அவமானம், அவர் குடித்ததைவிடப் பெரிதாக இருந்தது.

நீ கடைசி வருஷம் படிக்கும்போது அவரை மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு ஷாப்ட்டைத் தப்பாகக் கடைந்துவிட்டார். பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் சுழல்கிற மெஷின் பக்கத்தில் இந்தக் கையை விட முடியாது என்று சூபர்வைசர் முடிவு செய்து ஸ்டோரில் உட்கார வைத்தார். அந்த அளவுக்கு அந்த மனுஷர் நல்லவர். ஸ்டோரில் பேச்சுத் துணைக்கு இருந்த ஒருவர்தான், சைனிக்புரியில் ரிட்டயரான ராணுவக்காரர்களுக்கு மாதாமாதம் கேன்டீனில் ரம் உண்டு, குடிக்காதவர்கள் அதை வெளியே கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். சாமுவேல் என்று ஒரு சுபேதார், வேலூர்ப் பக்கத்துத் தமிழர், வாங்கவே மாட்டாராம் என்று அடையாளமும் சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு மௌலாலி வழியாகச் சைனிக்புரிக்குப் போனார். அங்கே நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தது.

"உங்களுக்குக் கோட்டா இருக்குதுன்னு சொன்னாங்க" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

"இருக்கு. நான் வாங்கறதில்ல."

"ஏன் சார், டாக்டர் வேணாம்னுட்டாரா?"

"டாக்டர் ஒண்ணும் சொல்லல. ஒரு கிளாஸ் எடுத்தா எனக்கு நிறுத்தத் தெரியாது. அதனால அந்த ஒரு கிளாஸை எடுக்கறதில்ல. உள்ள வாங்க, டீ சாப்பிடுங்க."

அந்த வார்த்தையை ஒரு ஆம்பளை, சட்டை மடிப்புக் கலையாமல் நேராக நின்றுகொண்டு, தன் வீட்டு வாசலில் வைத்துச் சொல்லி அதுவரை கேட்டதில்லை என்று அப்பா சொல்வார். எனக்கு நிறுத்தத் தெரியாது. இவர் அத்தனை வருஷமும் என்னிடம் சொன்னது, நினைத்தால் நிறுத்திவிடுவேன் என்பதுதான். டீ வந்தது. சுபேதார் பாதி கிளாஸ்தான் ஊற்றிக் கொடுத்தார். என்ன இவ்வளவு கஞ்சம் என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. கிளாஸைத் தூக்கும்போதுதான் புரிந்தது. கை நடுங்கியது. முழு கிளாஸாக இருந்திருந்தால் சட்டையெல்லாம் கொட்டியிருக்கும். குடித்து முடித்ததும் மீதிப் பாதியை ஊற்றினார். அவர் எதுவும் கேட்கவில்லை. அப்பாதான் பேச ஆரம்பித்து மத்தியானம் வரை பேசினார். அன்றைக்கு ரம் இல்லாமல் திரும்பி வந்தார். வந்தவர் இரண்டு நாள் படுக்கையில் கிடந்து வேர்த்துக்கொட்டி, வாந்தி எடுத்து, இல்லாத ஆட்களோடு பேசியதைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். சுபேதாரே வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். குடியைத் திடீரென்று நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். உனக்கு நான் "அப்பாவுக்கு மஞ்சக்காமாலை" என்று எழுதினேன். அது மஞ்சக்காமாலை இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சுபேதார் அவரை செகந்திராபாத்தில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குடியை விட்டவர்களும் விட முயற்சி செய்கிறவர்களும் சாயங்காலம் கூடுகிற இடம். ஒரு பேங்க் ஆபீசர், ஒரு ஆட்டோ டிரைவர், ஒரு காலேஜ் வாத்தியார், பழைய காலத்துப் பெரிய வீட்டு முஸ்லிம் பெரியவர் ஒருவர் என்று பலவிதமானவர்கள். ஒருவர் எழுந்து தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. அப்பாவின் முறை வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். இங்கிலீஷ் சரளமாக வராது, பேக்டரித் தெலுங்கும் ஹிந்தியும் வேலைக்குத்தான் ஆகும். பக்கத்தில் இருந்த சுபேதாரிடம், "என்ன பாஷைல சொல்றது?" என்று கேட்டிருக்கிறார். "வீட்டுல என்ன பேசுவீங்களோ அதுல சொல்லுங்க" என்றார் அவர். அப்பா தமிழில் சொன்னார். உன்னைப் பற்றியும், அந்தப் பிளாட்பாரத்தைப் பற்றியும் சொன்னார் என்று சுபேதார் என்னிடம் சொன்னார். ஹாலில் அவரைத் தவிர வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. எல்லாரும் அசையாமல் கேட்டார்கள். முடிந்ததும் அந்த ஆட்டோ டிரைவர் வந்து தோளைப் பிடித்துக்கொண்டு, "ஹவ் பாய், மேரா பி ஐசாச்" என்றாராம். ஆமாம் அண்ணே, என்னுடையதும் இப்படித்தான் என்று.

அதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று நினைக்காதே. பல மாதம் கழித்து அவரை மறுபடி மெஷினுக்கு அனுப்பினார்கள். சூபர்வைசர் அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஸரே, ரேப்பட்டி நுஞ்சி" என்றார், நாளையிலிருந்து வா என்று. அந்தச் சந்தோஷத்தில் கூட்டாளிகள் காம்பவுண்டுக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். துக்கத்தில் குடிப்பார் என்று நான் காவல் காத்துக்கொண்டிருந்தேன், சந்தோஷத்தில் போவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அன்று ஒரு புது விஷயம் நடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்குக் குடிச்சிட்டேன்" என்றார். அதுவரை எத்தனை வருஷமாக நான் கண்டுபிடித்து, அவர் இல்லை என்று சாதித்து, நான் அழுது, அவர் கதவைச் சாத்திக்கொண்டு நடந்த ஒரு வழக்கம் அது. அன்று எனக்குச் செய்ய வேலையே இல்லாமல் போய்விட்டது. "சாப்பிட வாங்க" என்றேன். அடுத்த நாள் ஹாலுக்குப் போய் எல்லார் முன்னாலும் அதைச் சொன்னார். அவர்கள் திட்டவில்லையாம். நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார்களாம். அதற்குப் பிறகு இன்றுவரை தொடவில்லை.

இதற்கப்புறம் நான் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நான் வருஷக்கணக்காக விரதம் இருந்தும் நடக்காதது, முன்பின் தெரியாத நாலு பேர் உட்கார்ந்து டீ குடித்ததில் நடந்துவிட்டதே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. அதுவும் ஒரு சர்ச் ஹாலில். வெளியே சொல்லவில்லை, ஆனால் முருகன் கோயிலுக்குப் போவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டேன். வீட்டிலும் சிரமம். குடிக்கிற புருஷனோடு குடும்பம் நடத்த எனக்குத் தெரியும். குடிக்காதவரோடு தெரியாது. மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்பார், கத்திரிக்காய் முற்றலாக வாங்கி வருவார். வாடகை வீட்டுக்காரரிடம் நான் பேசுகிறேன் என்பார். பீரோ சாவியைக் கேட்க மாட்டார், ஆனால் நான் அதை இடுப்பில் செருகிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இத்தனை வருஷம் எங்கே போயிருந்தீர்கள் என்று எனக்கு ஆத்திரம் வரும். ஒருநாள் அவர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, "இதெல்லாம் எனக்குப் பழக்கமில்ல, வெளிய போங்க" என்று கத்திவிட்டேன். அவர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, "எனக்கும் பழக்கமில்லதான். மெதுவாப் பழகிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வீட்டுக்குள் நுழையும்போது மோந்து பார்ப்பது என் வழக்கம், உனக்கே தெரியும். துணியை வாங்குவதுபோல் பக்கத்தில் போவேன். அவர் விட்ட பிறகும் அதை என்னால் விட முடியவில்லை. அவரும் அதில் வருத்தப்படவில்லை. சைக்கிளை நிறுத்தியதும் தானே பக்கத்தில் வந்து நின்று, "ஊதட்டுமா" என்பார். கேலியாக இல்லை, பேக்டரி கேட்டில் வாட்ச்மேனிடம் அடையாள அட்டையைக் காட்டுவதுபோல் சாதாரணமாக. இது ரொம்ப காலம் நடந்தது. ஒரு மழைக்காலத்தில், அவர் வரும்போது நான் கொடியில் காய்ந்த துணியை அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தேன். அவரும் ஒரு பக்கம் பிடித்தார். துணியை மடித்து, டீ போட்டு, இரண்டு பேரும் குடித்துக்கொண்டிருக்கும்போது, "இன்னிக்கு நீ பாக்க மறந்துட்ட" என்றார். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் குடியை விட்டது எந்த நாள் என்று அவருக்குத் தெரியும். நான் விட்டது அந்த நாள்.

பக்தி வந்துவிட்டதா என்று நீ கேட்பாய். பட்டை போட்டுக்கொண்டு கோயில் கோயிலாகச் சுற்றுகிற ஆள் இல்லை அவர். ஹாலிலும் இந்தச் சாமி, அந்தச் சாமி என்று யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது. காலையில் ஷிப்டுக்குக் கிளம்புமுன் கிணற்றடிப் படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் மல்லாத்தி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். என்ன வேண்டிக்கொள்கிறார் என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னிக்கு ஒரு நாள் குடிக்காம இருக்கணும்னு கேக்கறேன்."

"யார்கிட்ட?"

"தெரியல. என்கிட்ட இல்ல. என்கிட்ட கேட்டுக் கேட்டுத்தான் இத்தன வருஷம் ஏமாந்தேன்."

இதை அவர் தத்துவமாகச் சொல்லவில்லை, மெஷினில் ஒரு பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்பதைப்போல் சொன்னார். எனக்கு அது பல நாள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. நான் கோயிலில் கேட்டதெல்லாம் இவரை மாற்று, அவனுக்கு வேலை கொடு, இவளுக்குப் புத்தி கொடு என்றுதான். எனக்கென்று எதுவும் கேட்டதில்லை என்று பெருமைப்பட்டிருக்கிறேன். என்னை விட்டுவிட்டு எல்லாரையும் திருத்தித் தரச் சொல்லி வந்திருக்கிறேன் என்று மெள்ளத்தான் தெரிந்தது. இப்போது மறுபடி கோயிலுக்குப் போகிறேன். பெரும்பாலும் ஒன்றும் கேட்பதில்லை. தீபாராதனை முடிந்ததும் கொஞ்ச நேரம் தூண் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். முன்பெல்லாம் கோயிலிலிருந்து வரும்போது களைப்பாக இருக்கும். இப்போது இல்லை.

அப்பா ஒரு வருஷம் வீடு வீடாகப் போனார். குடித்த காலத்தில் யாரிடமெல்லாம் தப்பாக நடந்தாரோ அவர்களிடம் போய், இன்னது செய்தேன், தப்பு என்று சொல்லிவிட்டு வருவது. லட்சுமம்மாவை ஒரு பண்டிகை நாளில் தெருவில் வைத்து வாய்க்கு வந்தபடி பேசியிருந்தார். அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். லட்சுமம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முழுவதும் கேட்டுவிட்டு, "போனீலே அன்னய்யா, லோப்பலிக்கி ரா" என்று உள்ளே கூப்பிட்டார். போகட்டும் அண்ணா என்று. நேற்று நீ பேசிய போன் அந்த வீட்டில்தான் இருக்கிறது. சூபர்வைசரிடம் போனார், திருச்சிக்குப் போய்த் தன் தங்கையிடம் சொன்னார். தங்கை முகம் கொடுக்கவில்லை. திரும்பி வந்துவிட்டார். "அவ மன்னிக்கணும்னு போகல, சொல்லணும்னு போனேன்" என்றார். உன்னிடம் மட்டும் வரவில்லை. பம்பாய்க்கு டிக்கெட் எடுத்தாலென்ன என்று நான்தான் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மத்தவங்ககிட்ட சொன்னேன், அவங்க போடான்னாலும் சரின்னு வந்தேன். அவன் புள்ள. நான் போய் நின்னா, அவனுக்கு மனசு இல்லன்னாலும் சரிப்பான்னு சொல்லியாகணும். மாட்டேன்னு சொல்றதையும் அவன்கிட்டருந்து பிடுங்கிக்க வேணாம்." பொங்கலுக்கு நீ வரும்போது அவர் வெளியே கிளம்பிவிடுவார் என்றேனே, அது உனக்கு இடம் விட்டுத்தான். போவது அந்த ஹாலுக்கு, இல்லாவிட்டால் சைனிக்புரிக்கு.

போன மாதம் ஒரு மத்தியானம், அவர் டிபார்ட்மென்டில் வேலை செய்கிற பையனின் மனைவி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். ஆம்பூர்ப் பெண். புருஷன் காம்பவுண்டில் விழுந்து கிடக்கிறான், அண்ணன் வந்து பேசினால் கேட்பான் என்றாள். அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்து போனார். அவளை நான் உட்கார வைத்து மோர் கொடுத்தேன். சத்தியம் வாங்கச் சொல்லவோ, புட்டியை உடைக்கச் சொல்லவோ வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். குழந்தை தூங்கியதும் அவள் கேட்டாள்:

"அண்ணன் இனிமே குடிக்கவே மாட்டாரா அக்கா?"

"தெரியாதும்மா. இன்னிக்குக் குடிக்கல."

அவள் முகம் விழுந்துவிட்டது. உறுதியாக ஒரு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்தவள். "அது போதுமா அக்கா?" என்றாள். "எனக்குப் போதல. ரொம்ப நாள் போதாமதான் இருந்துச்சு. இப்ப போதும்" என்றேன். அவளுக்கு அது புரிந்திருக்காது. ஆனால் மறுவாரமும் வந்தாள்.

நீ கேட்ட முதல் கேள்விக்கும் என்னிடம் இருக்கிற பதில் அதுதான், சேகர். உன் கல்யாணத்தன்று ஒன்றும் ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர என்னால் முடியாது. அவராலும் முடியாது, கேட்டால் அவரே அப்படித்தான் சொல்வார். அன்று காலையிலும் கிணற்றடியிலோ சத்திரத்துக் குழாயடியிலோ உட்கார்ந்து அன்று ஒரு நாளைக்குக் கேட்டுக்கொள்வார், அது எனக்குத் தெரியும். நீயும் அன்றைக்கு ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுக்கப் போகிறாய். வாழ்நாள் முழுவதுக்கும் ஒரே மூச்சில் கொடுக்கிற வாக்கை நான் இப்போது அவ்வளவாக நம்புவதில்லை. தினம் காலையில் எழுந்து மறுபடி கொடுக்கிறவர்களை நம்புகிறேன். அவளுக்கு உன்னைத் திருத்துகிற வேலையைக் கொடுத்துவிடாதே. நீயும் அவளைத் திருத்தப் போகாதே. ஏதாவது தவறு செய்தால் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடு. வேறு புத்திமதி என்னிடம் இல்லை.

இரண்டாவது கேள்வி. நேற்று நான் வீட்டுக்கு வந்ததும், "என்ன சொன்னான்?" என்று அப்பா கேட்டார். முன்பு என்றால் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான் என்று ஏதாவது சொல்லியிருப்பேன். இந்த வீட்டில் நான் பொய் சொல்வதை விட்டுவிட்டேன், அதனால் நீ கேட்டதை அப்படியே சொன்னேன். ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அவன் கேட்டது நியாயம்தான்" என்றார். "மச்சானும் அவர் சம்சாரமும் உக்காரட்டும். பெரியவங்க, பாக்கறதுக்கும் லட்சணமா இருக்கும். நான் பந்தில நின்னு பரிமாறறேன், அங்கதான் ஆள் வேணும்." அதற்குப் பிறகு எழுந்து போய் வாளியில் தண்ணீர் பிடித்து, துளசிச் செடிக்கு ஊற்றினார். காலையில்தான் ஊற்றியிருந்தார்.

மாமாவும் மாமியும் மணவறையில் உட்கார்ந்தால் பெற்றவள் இடமும் மாமிக்குத்தான் போகும். இதை நீ யோசித்திருக்க மாட்டாய். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவர் பந்தியில் நின்றால் நானும் பந்தியில் நின்று சாம்பார் வாளியைத் தூக்குவேன், எனக்கு அதில் குறையும் இல்லை, வருத்தமும் இல்லை. உன் கல்யாணம், முடிவும் உன்னுடையது. எது செய்தாலும் மனசறிந்து செய். ஆனால் ஒன்று. முடிவு செய்தபின் புரோகிதரிடம் நீயே சொல்லிவிடு, அப்பாவிடம் மட்டும் கேட்காதே. கேட்டால் அவர் மாமாவைத்தான் சொல்வார்.

உன் அம்மா